சாஸரில் மிஞ்சிய மூடி

அந்த ஊரில் ரவுண்டக்கா ஓட்டாத கார் இல்லை. ஆனால் அவளுக்கென்று ஒரு கார் கிடையாது. டயர் கடையில் வேலை. புது டயர் மாட்டி, காற்று நிரப்பி, எல்லாம் முடிந்த பிறகும் வண்டிக்குள் மஞ்சள் விளக்கு ஒன்று, டயரைக் கவனி என்று பிடிவாதமாக எரிந்துகொண்டிருக்கும். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று வண்டிக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தால் விளக்கு கண் சிமிட்டிவிட்டு அணையும். பிறகு கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் அது வண்டியின் மனதில் பதியும். அவள் பூங்காவைச் சுற்றி, பெரிய சிக்னலுக்கு முன்பே திரும்பி, மருந்துக்கடைத் தெரு வழியாக ஒரு ரவுண்டு அடித்துக் கடைக்கே வந்துவிடுவாள். அதனால்தான் அந்தப் பெயர்.

அந்தப் பட்டன் ஒரு அப்பாவி. அழுத்தும் நேரத்தில் சக்கரத்தில் என்ன காற்று இருக்கிறதோ, அதுதான் சரியான காற்று என்று நம்பிவிடும். குறைந்த காற்றோடு அழுத்தினால் அந்தக் குறையையே நிறைவு என்று எடுத்துக்கொண்டு, அதன்பின் வாயே திறக்காது. மனிதர்களிலும் அப்படிக் காலம் தள்ளுகிறவர்கள் உண்டு, அது வேறு கதை. ஆகவே முதலில் காற்று, அப்புறம்தான் பட்டன். இதில் தவறக் கூடாது என்பதற்காக அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். நாலு சக்கரத்து வால்வு மூடிகளையும் டீ சாஸர் ஒன்றில் போட்டு வைப்பாள். காற்று நிரம்பிய சக்கரத்துக்குத்தான் மூடி போகும். சாஸர் காலியானால்தான் பட்டன்.

முன்பு அந்த வேலையைப் பார்த்தவன் அவள் கணவன். கடை அவனுடைய அக்காவுக்குச் சொந்தம். அவன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தபோது, நாத்தனார் வந்து இவளை மூட்டை கட்ட வைப்பாள் என்று அக்கம்பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. நாத்தனாரும் வந்தாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"எத்தனை நாளைக்கு சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்ப? நாளைக்குக் காலைல டிரைவிங் ஸ்கூல் வண்டி வாசலுக்கு வரும். ஏறு."

"எனக்கு பயமா இருக்கு அண்ணி."

"பயத்தையும் ஏத்திக்க. வண்டில இடம் இருக்கு."

ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை, ஒரு தட்டிக்கொடுத்தல் இல்லை. ஆனால் அன்று நாத்தனார் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் அவள் இன்னும் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் அவளுக்கு இது நினைவு வரும், மனசு நிறையும். நேரில் சொன்னது கிடையாது. நன்றி என்று எடுத்தாலே நாத்தனார் வேப்பெண்ணெய் குடித்தவள் மாதிரி முகத்தைச் சுளிப்பாள்.

அன்று வந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மனைவி, சின்ன மகளோடு மலைமேல் இருக்கும் மாமியார் வீட்டுக்குக் கிளம்பியவர், வழியில் நாலு டயரையும் மாற்ற வந்திருந்தார். இருட்டுமுன் மலையேற வேண்டும் என்று காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார். டயர் மாட்டுகிறவர் மூன்றில் காற்றை முழுசாக நிரப்பி, அவரே மூடியையும் போட்டுவிட்டார். நாலாவதில் பாதி ஏறும்போது கம்ப்ரசரில் காற்று தீர்ந்தது. அது மறுபடி நிரம்பட்டும் என்று குழாயைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். குழாய் கீழே கிடப்பதைப் பார்த்தாள் ரவுண்டக்கா. வேலை முடிந்தது என்று நினைத்தாள். கண்ணாடிக்காரர் மூன்றாம் முறையாக, "ஆச்சாம்மா?" என்றார். சாஸரைப் பார்க்காமல் ஏறிப் பட்டனை அழுத்திவிட்டாள். விளக்கு சமர்த்தாக அணைந்தது. ரவுண்டும் ஒழுங்காக முடிந்தது. இந்தக் காலத்து டயர் பாதிக் காற்றிலும் பார்வைக்குக் கல்லுக்குண்டு மாதிரிதான் நிற்கும்.

அவர்கள் போன பிறகு கழுவ எடுத்த சாஸரில் ஒரு மூடி கிடந்தது.

காற்றுக் குறைந்த டயர் ஓட ஓடச் சூடாகும், சூடானால் வெடிக்கும். வெடிக்கிற வரைக்கும் அந்த வண்டி ஒரு விளக்கையும் காட்டாது. காட்டாதே என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவளே இவள்தான். பின்சீட்டில் அந்தக் குழந்தை ஜூஸ் பாட்டிலும் கையுமாக உட்கார்ந்திருந்தது கண்முன் வந்தது.

நாத்தனாரிடம் ஓடி, உள்ளதை உள்ளபடி சொன்னாள். நாத்தனார் திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கண்ணாடிக்காரருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனை எடுக்காத நல்ல மனிதர் அவர். நல்லவர்கள் இப்படித்தான் சமயத்தில் கழுத்தை அறுப்பார்கள்.

"என் வண்டிய எடு. டிக்கில சின்ன பம்பு இருக்கு."

"நானா அண்ணி?"

"பின்ன, கண் ஆபரேஷன் பண்ணின நானா ஓட்டுறது?"

கறுப்புக் கண்ணாடியோடு நாத்தனார் பக்கத்தில் ஏறினாள். ஒரு கையில் போன், மறு கையில் அந்த மூடி. பெரிய சிக்னல் வந்தது. அதைத் தாண்டி ரவுண்டக்கா ஒருநாளும் வண்டி ஓட்டியதில்லை. கை தானாகத் திரும்புவதற்கான விளக்கைப் போட்டது.

"நேரா போ," என்றாள் நாத்தனார்.

நேராகப் போனாள். நெடுஞ்சாலையில் லாரிகள் வீடு நகர்ந்து வருவதுபோல் வந்தன. உள்ளங்கை வியர்த்து ஸ்டீரிங் வழுக்கியது. பயத்தையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினாள். கடவுளே, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. மலை தூரத்தில் நீலமாகத் தெரிய ஆரம்பித்தபோது, பெட்ரோல் பங்கு ஒன்றின் ஓரத்தில் கண்ணாடிக்காரரின் பச்சை வண்டி நின்றது. சற்றுமுன் ஓட்டிய வண்டி அவளுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

டயர் வெடிக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. குழந்தை ஜூஸை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, அவசரம் என்று அழுதிருக்கிறது. அதற்காகத்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள்.

அவள் இறங்கிப் போய், "சார், ஒரு டயருக்குக் காத்து சரியா போடல. பாக்காம பட்டன அழுத்திட்டேன். தப்பு என்னோடது," என்றாள்.

அவர் குனிந்து நாலாவது டயரைத் தொட்டு, கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். முகம் சிவந்தது. "பிள்ளைய வச்சுட்டு மலையேறப் போறேன்னு சொன்னேனேம்மா."

"சொன்னீங்க சார்."

அவருடைய மனைவிதான், "சொல்லாமயே விட்ருக்கலாம். துரத்திட்டு வந்திருக்காங்களே," என்றாள். டயர் ஆறும்வரை ரவுண்டக்கா காத்திருந்தாள். உள்ளும் புறமும் தடவி, வெடிப்போ வீக்கமோ இல்லை என்று பார்த்தாள். பம்பை வைத்து நிரப்பி, மற்ற மூன்றையும் அளந்தாள். நாத்தனார் மூடியை நீட்டினாள். அதைத் திருகிய பிறகுதான் பட்டன். விளக்கு கண் சிமிட்டி அணைந்தது. கண்ணாடிக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டிருங்க," என்று சாவியைக் கொடுத்தார். பின்சீட்டில் மகளும் ஏறிக்கொண்டாள். அந்த மனிதர் சாவியைத் தன்னிடம் மறுபடி கொடுத்ததை நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது.

இருவரும் கடைக்குத் திரும்பினார்கள். வாசலில் இறங்கியதும் நாத்தனார் கையை நீட்டினாள். ரவுண்டக்கா சாவியை அந்தக் கையில் வைத்தாள். இனி வண்டியைத் தொட விடமாட்டாள், விடாததும் நியாயம்தான் என்று நினைத்தாள். இத்தனை வருஷமாகச் சொல்லாததை இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அண்ணி, அன்னிக்கு நீங்க வண்டி அனுப்பலன்னா நான் இல்ல. ரொம்ப நன்றி."

நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்த கண், தண்ணீர் வரத்தான் செய்யும். பிறகு மேசையிலிருந்து வேறொரு சாவியை எடுத்து இவள் கையில் வைத்து அழுத்தினாள்.

"நன்றிய அந்தப் பிள்ளைக்குச் சொல்லு. வெளிய ஒரு வண்டி நிக்குது. சாஸரப் பாத்துட்டு எடு."