பத்து மணிக்கு மேல் டீச்சர்

என் மகளுக்கு முடக்குவாதம் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அது கிழவர்களுக்கு வரும் நோய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மழை தொடங்கிய மே மாதத்தில் ஒரு காலை, குளியலறைக்குள்ளிருந்து, "அம்மா, தாழ்ப்பாளத் திறக்க முடியல" என்று கூப்பிட்டாள். அந்தமான் மழையில் எல்லா இரும்பும் துருப்பிடிக்கும். நான் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு போய்க் கதவுக்கு வெளியே நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் என் கணவர் கதவையே கழற்றி எடுத்தார். அவள் இரண்டு கைகளையும் நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தாள். விரல் கணுக்கள் வீங்கிச் சிவந்திருந்தன. தாழ்ப்பாளில் ஒரு குறையும் இல்லை.

ஏழெட்டு வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் சமையலறையில் டம்ளர் விழும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். பெரும்பாலும் அது பூனைதான்.

நாங்கள் அப்போது பாம்பூஃப்ளாட்டில் இருந்தோம். கணவருக்கு வனத்துறையில் கிளார்க் வேலை. மகள் அக்கரையில், போர்ட் பிளேயரில், ஓர் ஆரம்பப் பள்ளியில் டெம்பரரி டீச்சர். காலை ஏழரை ஃபெர்ரியில் சாத்தம் போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். அவள் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பெங்காலி, தெலுங்கு, மலையாளம், தமிழ், ராஞ்சியிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் என்று எல்லாம் உண்டு. சண்டை போடுவது இந்தியில், அழுவது மட்டும் அவரவர் தாய்மொழியில் என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். சம்பளம் வாங்காமல்கூட அந்த வேலையைச் செய்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் ஓர் இளம் பெங்காலி டாக்டர். எல்லாரிடமும் இந்தியில்தான் பேசுவார்.

"கைசா ஹை?"

"டீக் ஹை சார்" என்றாள் மகள், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த ஊரில் எல்லாரும் டீக் ஹை. கால் ஒடிந்தவனும் டீக் ஹை, காய்ச்சல்காரனும் டீக் ஹை. எல்லாம் சரியாக இருந்தால் இங்கே எதற்கு வருகிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டார். பிறகு சொன்னார்: "தர்த் மத் லிக்கோ, காம் லிக்கோ." வலியை எழுதாதே, என்ன வேலை செய்ய முடிந்தது, என்ன முடியவில்லை என்று தினமும் ஒரு நோட்டில் எழுதிவா என்பது அதன் பொருள். இரண்டு மாதம் பார்ப்பார். சமாளிக்கிறாள் என்று தெரிந்தால் இங்கேயே வைத்தியம். இல்லையென்றால் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார். போனால் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும்.

திரும்பும் பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "கப்பல்ல ஏறிட்டா அந்த வேலை எனக்காகக் காத்திருக்காதும்மா. நான் ஏற மாட்டேன்."

உண்மையைச் சொன்னால், அவளைக் கப்பலேற்றிவிடத்தான் என் மனம் துடித்தது. மெயின்லாண்டில் எல்லாம் இருக்கிறது, இங்கே என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அதே சமயம், நாலு நாள் கடலைத் தாண்டி அவளை அனுப்பிவிட்டு நான் எப்படிச் சோறு தின்பேன் என்றும் நினைத்தேன்.

டாக்டர் அவளை எழுதச் சொன்னார். நோட்டை வாங்கியதும் எழுத ஆரம்பித்ததும் நான். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். அந்தக் கர்வமும் கொஞ்சம் இருந்தது. தினமும் சாயங்காலம் கேட்பேன்: "இன்னைக்கு என்னடி செஞ்ச?"

"எல்லாம் செஞ்சேன்."

"எது முடியல?"

"எல்லாம் முடிஞ்சுது. தூக்கம் வருது, விடும்மா."

இப்படிச் சொன்னால் நோட்டில் என்ன எழுதுவது? அதனால் நானே என் கண்ணால் பார்த்து எழுதுவது என்று முடிவு செய்தேன். காலையில் அவள் படகுத்துறை ஜெட்டிக்குக் கிளம்பியதும் மீன் வாங்கும் சாக்கில் பின்னாலேயே போவேன். ஜெட்டி தொடங்கும் இடத்தில் ஒரு மீன்காரி கூடை போட்டு உட்கார்ந்திருப்பாள். தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்திலிருந்து வந்த குடும்பம். அவளுக்குப் பின்னால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றால் ஜெட்டியின் முனை தெரியும். படகு தெரியாது, ஏறுகிறவர்களின் தலையும் தோளும் கையும் தெரியும். மகள் யாரையும் பிடிக்காமல் போனால் 'தானாக'. படகில் கயிறு பிடிக்கும் கலாசி நீட்டிய கையைப் பிடித்தால் 'ஒரு கை'. இரண்டு பேர் பிடித்து இறக்கினால் 'இரண்டு கை'. வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதுவேன்.

முதல் வாரம் 'இரண்டு கை', 'ஒரு கை' என்று இருந்தது. அப்புறம் ஐந்து நாள் தொடர்ந்து 'தானாக'! நான் பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று கணவர் கேட்டார், முந்திரி மிச்சமிருந்தது என்றேன். அடுத்த வாரம் மறுபடி 'ஒரு கை'. பிறகு 'இரண்டு கை'. முருகனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். மறு வாரம் மறுபடி 'தானாக'. மறுபடி பாயசம். ஐந்தாறு வாரம் இப்படி ஏறி இறங்கி நான்தான் இளைத்துப்போனேன். அவள் ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள், பாயசத்தால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் நோட்டை எடுத்து, சுவரிலிருந்த தினசரிக் காலண்டரோடு வைத்துப் பார்த்தார். அந்தக் காலண்டர் மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். எப்போதும் ஜனவரி பாதியில்தான் எங்களுக்குப் புத்தாண்டு பிறக்கும்.

"இங்க வா. 'இரண்டு கை' எல்லாம் என்னைக்கு விழுந்திருக்கு பாரு. அஷ்டமி, நவமி. மறுபடியும் அஷ்டமி, நவமி!"

"பேசாம இருங்க. ஆபீஸ்ல ஃபைல் பாக்குற ஆளு பேசுற பேச்சா இது?"

"நான் பேசல, உன் நோட்டு பேசுது."

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. நோட்டு முழுக்க அப்படியே இருந்தது. டாக்டர் வரச் சொன்ன நாள் எப்போது என்று தாளைத் தள்ளிப் பார்த்தேன். தசமி. அதாவது நோட்டின் கடைசி வாரம் முழுவதும் படிப்படியாக மோசமாகி, 'இரண்டு கை'யில்தான் போய் முடியும். டாக்டர் அதைப் பார்த்தால் மெட்ராஸுக்குத்தான் எழுதுவார்.

பயந்தபடியே ஆயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் காலை, மீன்காரியின் பின்னால் நின்று மகளை இரண்டு பேர் பிடித்து இறக்குவதைப் பார்த்தேன். என்னையறியாமல் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மீன்காரி திரும்பினாள். "ஏக்கா, ரெண்டு மாசமா பாக்கேன். வாரீய, மறைஞ்சு நிக்கீய, ஒரு நா சிரிக்கீய, ஒரு நா அழுதீய. மீனு மட்டும் வாங்க மாட்டுக்கீய. என்ன சங்கதி?"

சொன்னேன். நோட்டு, கை, அஷ்டமி, நவமி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த சூரை மீனைக் கூடைக்குள் போட்டாள். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

"யம்மா, எங்க ஆத்தா! நீங்க எந்த ஊரு?"

"ராமநாதபுரம் பக்கம். உள்ளே. கமுதி தாண்டி."

"அதான் பாத்தேன். குடிக்கவே தண்ணி இல்லாத ஊரு. வாங்க, இங்கன வந்து பாருங்க." என் கையைப் பிடித்து ஜெட்டியின் முனைவரை இழுத்துக்கொண்டு போனாள். கீழே, பாசி பிடித்த படிகளுக்கும் கீழே, ஓர் ஆள் ஆழத்தில் படகு கிடந்தது. ஒரு போலீஸ்காரரை இரண்டு பேர் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். "அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி இந்நேரத்துக்கு தண்ணி ஏறிக் கெடக்கும், படகு ஜெட்டிக்குச் சமமா நிக்கும். சின்னப்புள்ளகூட நடந்து ஏறிரும். அஷ்டமி, நவமியில இந்நேரம் தண்ணி வத்திரும். என்னையே ரெண்டு பேருதான் புடிச்சு இறக்குதாவ. எனக்கும் வாதமாக்கா?"

பத்து வருடம் அந்தத் தீவில் இருந்தவள் நான். கடல் ஏறும், வற்றும் என்று எனக்குத் தெரியாமலில்லை. மகளின் கையைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு மாதம் உட்கார்ந்து துறைமுகத்துத் தண்ணீரைத்தான் எழுதியிருக்கிறேன். வெட்கத்தில் ஒரு சூரை முழுசாக வாங்கினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரிப்பும் வந்தது, அதற்கடியில் பயமும். அப்படியானால் அவள் உண்மையில் எப்படி இருக்கிறாள்? அது எனக்கு ஒரு நாள்கூடத் தெரிந்திருக்கவில்லையே.

மறுநாள் டாக்டரிடம் நோட்டை நீட்டி, என் உடைந்த இந்தியில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போதே மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் நோட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். "நல்ல நோட்டு. மரைன் டிபார்ட்மெண்டுக்குக் கொடுங்கள், உபயோகப்படும்" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "இப்போது நீ சொல். டீக் ஹை என்று மட்டும் சொல்லாதே."

"பத்து மணிக்கு மேல கேளுங்க சார்" என்றாள். இந்தியில்தான் சொன்னாள், என் காதில் அது தமிழாகவே விழுந்தது. "பத்து மணிக்கு முன்னால நான் கிழவி. பத்து மணிக்கு மேல டீச்சர்."

பிறகு மடை திறந்ததுபோல் வந்தது. காலையில் விரல்கள் மடங்காது. அதனால் முதல் பீரியடில் போர்டில் எழுதுவதில்லை, வாய்ப்பாட்டைப் பாட்டாகச் சொல்லவைப்பாள். சாக்பீஸில் துணி சுற்றிக் கட்டை விரல் தடிமனுக்கு ஆக்கி வைத்திருக்கிறாள், அப்படிப் பிடித்தால் வலி குறைவு. போர்டின் மேல் பாதிக்குக் கை எட்டாது. கீழ்ப் பாதியில் எழுதுவதால் முன்வரிசைப் பிள்ளைகளுக்கு ரொம்ப சந்தோஷம். டிபன் மூடியைத் திறப்பது ஒரு தெலுங்குப் பெண், அந்த வேலைக்காக மற்ற பிள்ளைகள் அவளோடு சண்டை போடுகிறார்கள். எலுமிச்சம்பழம் பிழிய முடியாது. ஈரத்துணி முறுக்க முடியாது, அப்படியே சொட்டச் சொட்டக் கொடியில் போட்டுவிடுவாள். மத்தியானம் ரிங் விளையாட்டில் நின்று ஆட முடிகிறது. தலை பின்னக் கை உயராது, அதனால் கொண்டை.

"கொண்டையா?" என்று நான் கேட்டேன்.

ஒரு மாதமாக அவள் கொண்டை போட்டுக்கொண்டுதான் போனாள். சினிமாக்காரி மாதிரி இது என்ன கோலம் என்று நான் இரண்டு முறை திட்டியிருக்கிறேன்.

"நீ திட்டினதும் நல்லதுதாம்மா. ஃபேஷன்னே நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்."

டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். வீக்கம் எங்கே, கைகால் இறுக்கம் எத்தனை மணிவரை, போன மாதம் எத்தனை மணிவரை என்று கேட்டார். போன மாதம் பன்னிரண்டு, இப்போது பத்து என்றாள் அவள். அந்த ஒரு பதிலுக்கு அவர் தலையை நிமிர்த்தினார். மாத்திரையை மாற்றி எழுதினார். முதல் பீரியடில் எழுத்து வேலை வேண்டாம் என்று தலைமை ஆசிரியருக்கு ஒரு சீட்டு எழுதினார். "கப்பல் வேண்டாம். மாதம் ஒருமுறை வா. நோட்டை நீயே எழுது" என்றார். என்னைப் பார்த்து, "நீங்கள் மீன் வாங்குங்கள்" என்றார்.

வெளியே வந்தோம். அபர்டீன் பஜாரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். அவள் கண்ணாடி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்தித் தூக்கிக் குடித்தாள். நான் எத்தனையோ தடவை பார்த்ததுதான். சூடு பிடிக்கும் என்று அப்படிக் குடிக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

"ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீ சாப்பிட மாட்ட. நீ சாப்பிடலேன்னா அப்பா புலம்புவாரு. அப்புறம் என் வலிய யாரு கவனிக்கிறது? எனக்கு நேரமே இருக்காதும்மா."

நான் சிரித்தேன். சிரிப்பு அழுகையாகத் திரும்பும் முன் அவள் இன்னொரு பன் வாங்கி என் கையில் வைத்தாள்.

மறுநாள் காலை ஆறரைக்குச் சீப்பை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். பின்னிவிடு என்று சொல்லவில்லை, சும்மா உட்கார்ந்தாள். சிக்கெடுக்க எனக்கு நேரமாயிற்று. "இன்னைக்குக் கட்டை விரல் மோசம், மத்ததெல்லாம் பரவாயில்ல" என்று அவளாகவே சொன்னாள். நான் அதற்கு என்ன செய்வது, என்ன பூசுவது என்று ஆரம்பிக்கப் போனேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, "சரி" என்றேன்.

"இறுக்கிப் பின்னும்மா. பசங்க இழுப்பானுங்க."

பின்னி முடித்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் வாசல்வரை போனேன். அங்கேயே நின்றுகொண்டேன்.