காத்திருந்த சூப்பர் ஹீரோ

மூன்று வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசி மாத ஞாயிற்றுக்கிழமை, தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஆனாலும் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் என்றால் எனக்கு உயிர். முகநூலில் ரசிகர்கள் குழுவில் ஒவ்வொரு இதழுக்கும் விமர்சனம் எழுதுவேன்.

அந்த மாத இதழில் கதை எங்கள் கடலுக்கே வந்துவிட்டது! படகிலிருந்து குழாய் வழியாகக் காற்று வாங்கி சங்கு குளிக்கும் ஒருவரை, கடலடியில் ஒரு ராட்சதப் பிராணி பிடித்துக்கொள்கிறது. நம் ஹீரோ பாய்ந்து அதை அடித்து நொறுக்கி, அவரைத் தூக்கிக்கொண்டு ஒரே விநாடியில் அம்பு மாதிரி மேலே வருகிறார். அடுத்த பக்கத்தில் அந்த மனிதர் படகில் நின்று கையசைக்கிறார். எனக்குப் புல்லரித்துவிட்டது. பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டு எழுதினேன். இருநூறு லைக்.

என் வீட்டுக்காரர் காமிக்ஸ் பக்கமே போகாதவர். அன்று கரண்ட் இல்லாததால் பொழுது போகாமல் அதைப் புரட்டினார். கடைசிப் பக்கம் வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“ஏளா, இவனுக்கு ஒண்ணும் ஆகலையா?”

“அவன் சூப்பர் ஹீரோல்லா, அவனுக்கு என்ன ஆவும்?”

“அவனுக்கு ஆவாது, சரி. அவன் தூக்கிட்டு வாரானே, இந்தக் குளியாளு? அவனும் சூப்பர் ஹீரோவா?”

எனக்குச் சுருக்கென்றது. அவரும் சங்கு குளித்தவர்தான். ஒருநாள் காற்று கொடுக்கும் கம்ப்ரஸர் பாதியில் நின்றுபோக, உயிர் பிழைக்க ஒரே எம்பில் மேலே வந்தவர். ஆழத்திலிருந்து அவசரமாக ஏறினால் உடம்புக்குள் காற்று குமிழ் குமிழாகத் திரண்டு நரம்பைத் தாக்கும். அன்று சாயங்காலமே இடது கால் செத்துப்போனது. இன்றுவரை ஊன்றுகோல்தான். அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கமாட்டார். அவரோடு வாழ்கிற நான், அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறேன்!

பழைய விமர்சனத்தை நான் அழிக்கவில்லை. அதற்குக் கீழேயே, “நான் எழுதியது தப்பு” என்று ஆரம்பித்து, ஏன் தப்பு என்று முழுசாக எழுதினேன். குழுவில் கேலி தாங்கவில்லை. பறக்கிறவனை நம்புவீர்களாம், மேலே வருவதை நம்பமாட்டீர்களாம் என்றார் ஒருவர். ஹீரோவின் சக்தி கற்பனையாக இருக்கலாம், அவர் காப்பாற்றுகிற ஆளின் உடம்பு எங்கள் வீட்டு உடம்பு என்று பதில் போட்டேன். பத்து வருடமாக அந்தத் தொடரைக் கொண்டாடியவள்தான் இப்படி எழுதினேன்.

நான்காம் நாள் ஒரு போன். அந்தக் கதையை எழுதியவர்! திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசலாமா?” என்று கேட்டார்.

முதலில் மாட்டேன் என்ற என் வீட்டுக்காரர், பிறகு போனை வாங்கி ஒரு மணி நேரம் பேசினார். “கீழ கெடக்கும்போது ஒண்ணும் தெரியாது சார். மேல வரும்போதுதான் வினை. பாதியில கயித்தப் புடிச்சிட்டு, ஒடம்புல ஏறுன காத்து எறங்குத வரைக்கும் சும்மா நிக்கணும். மேல வெளிச்சம் தெரியும், வான்னு கூப்பிடும். ஆனா போவக் கூடாது.” நான் அடுப்படியில் நின்று கேட்டு அழுதுகொண்டிருந்தேன். கடலுக்குள் இருந்ததை எனக்கே அவர் அதுவரை இப்படி விவரமாகச் சொன்னதில்லை.

மறுபதிப்பில் மூன்று பக்கங்களைப் புதிதாக வரைந்திருந்தார்கள். ஒரே விநாடியில் மேலே வரக்கூடிய ஹீரோ, அந்த மனிதரைத் தோளில் அணைத்தபடி, பாதி ஆழத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். வசனமே இல்லை. சண்டையைவிட அதுதான் தொடரிலேயே பெரிய காட்சி என்று ரசிகர்கள் எழுதினார்கள்.

எங்கள் ஊரிலேயே வெளியீட்டு விழா வைத்தார்கள். என் வீட்டுக்காரரை மேடைக்கு அழைத்தபோது அரங்கமே எழுந்து நின்றது. கீழே இறங்கியதும் அந்த மூன்று பக்கங்களில் அவருடைய கையெழுத்து வாங்க வரிசை! என்னைக் கேலி செய்தவர்தான் வரிசையில் முதல் ஆள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இனிஷியலோடு முழுப்பெயரையும் எழுதி எழுதிக் கொடுத்தார் என் வீட்டுக்காரர். திரும்பிப் பார்த்து, “ஏளா, கை வலிக்கி” என்று அவர் சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

இப்போதும் மாதாமாதம் விமர்சனம் எழுதுகிறேன். ஆனால் காப்பாற்றியவருக்குக் கைதட்டும் முன், காப்பாற்றப்பட்டவர் நன்றாக இருக்கிறாரா என்று பார்க்கும் கண் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது.