மூன்றாம் மாடிக்கு ஒரு ப்ளூஸ்

எங்கள் இசைக்குழுத் தலைவருக்குக் கண்ணாடிக் கடை இருந்தது. பகலெல்லாம் பலெர்மோக் கிழவர்களின் மூக்கில் கண்ணாடி மாட்டிப் பார்ப்பார். சனிக்கிழமை பின்னேரங்களில் கறுப்புத் தொப்பியோடு வுச்சீரியாச் சந்தைச் சதுக்கத்தில் மேடையேறி, பருத்திக் காட்டில் முதுகொடிந்த கறுப்பின அடிமைபோல ஆங்கிலத்தில் ப்ளூஸ் முனகுவார். தன் வாழ்நாளில் ஒரு ஒலிவ் காய்கூடப் பறித்திராத மனிதர்.

நான் அவருக்குப் பின்னால் இரண்டாவது கிற்றார். மன்னாரிலிருந்து வந்தவர்களுக்குப் பலெர்மோவில் பிறந்த பெண். காலையில் ஒரு சிஞ்ஞோரா அம்மாள் வீட்டில் துப்புரவு வேலை, ஞாயிறுகளில் தமிழ்ப் பூசையில் பாடகர் குழு.

ஒத்திகையில் நான் ஒரு சுரம் கூட்டி வாசித்தால் தலைவர் பாட்டையே நிறுத்திவிடுவார். "இது பிறருடைய வலி. மரபு. அதில் கைவைக்க உனக்கு என்ன உரிமை?" என்பார். அந்த வலியைத் தன் உச்சரிப்பால் வாரந்தோறும் குதறுபவர் யார் என்று அவர் யோசித்ததேயில்லை.

எனக்கு ப்ளூஸ் பிடித்த காரணம் எளியது. ஒரு வரியைச் சொல்வது, அதையே திரும்பச் சொல்வது, மூன்றாவது வரியில் குத்துவது. வேலைக்காரர்கள் முதலாளியைப் பற்றிக் கதைப்பதும் அப்படித்தான்.

சிஞ்ஞோராவின் கட்டடத்தில் வாளியோடு வருபவர்கள் லிப்டில் ஏறக்கூடாது. தண்ணீர் சொட்டுமாம். அவருடைய நாயோ மழையில் தொப்பலாக நனைந்துவிட்டு அவரோடு லிப்டில்தான் போகும். ஒருநாள் மூன்று மாடி ஏறி முடிப்பதற்குள் பாட்டு வந்துவிட்டது.

"நாய் லிப்டிலை போகுது, நான் படியிலை போறன்.
நாய் லிப்டிலை போகுது, நான் படியிலை போறன்.
மேலை போனால் நாய்க்கு நான்தான் கால் துடைக்கிறன்."

முடிவில், பெரிய வெள்ளியன்று எங்கள் ஆட்கள் பாடும் ஒப்பாரியின் இழுவையைக் கிற்றாரில் வைத்தேன். கபோச் சந்தைப் பக்கம் இருந்த ஒத்திகைக் கராஜில் பாடிக் காட்டினேன். பொருளைச் சொன்னதும் மேளக்காரன், போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன் விற்பவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தலைவர் சிரிக்கவில்லை. "அழகுதான். ஆனால் ப்ளூஸ் இல்லை" என்றார்.

சரி, நம்மவர்களாவது கேட்கட்டும் என்று பாடகர் குழுவை நடத்திய அங்கிளிடம் பாடினேன். அவர் முகம் கோணியது.

"இதென்ன பிள்ளை, நாய்ப்பாட்டு? ஒப்பாரியைக் கொண்டுபோய் இதுக்குள்ளை விட்டிருக்கிறாய். நாங்கள் என்ன வேலை செய்யிறம் எண்டு ஊருக்குப் பாடிக் காட்டோணுமே?"

"ஊருக்குத் தெரியும்தானே அங்கிள்?"

"தெரிஞ்சால் பரவாயில்லை. பாடக்கூடாது."

அவரும் வாளி தூக்குகிறவர்தான். மரபைக் காக்கிறவர்கள் எந்த நாட்டிலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பிறகு ஒரு கோடை விழாவின் ஏற்பாட்டாளர் கராஜுக்கு வந்தார். கழுத்தில் பெரிய மணிமாலை. "எல்லாரும் இதைத்தான் வாசிக்கிறார்கள். உங்களிடம் புதிதாக ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார். தலைவர் கண்கூடச் சிமிட்டவில்லை. "நாங்கள் நெடுநாளாக ஒரு தேடலில் இருக்கிறோம்" என்று சொல்லி என்னை முன்னால் தள்ளினார். பாடினேன். அந்த அம்மாள் நெஞ்சில் கைவைத்து, "எதைப் பற்றியது?" என்றார்.

"கடல். பிரிவு" என்றார் தலைவர்.

அந்த அம்மாள் போனதும் தலைவரிடமிருந்து எனக்குக் கட்டளைகள் வந்தன. சேலை கட்டவேண்டும். நெற்றியில் பெரிய பொட்டு வைக்கவேண்டும். நான் கத்தோலிக்கப் பெண் என்றேன். "மேடையிலிருந்து அது தெரியாது" என்றார். நேற்றுவரை ஒரு சுரம் கூட்டவிடாத மனிதர்!

விழாவன்று ஜீன்ஸோடு போனேன். சண்டை பிடிக்க அவருக்கு நேரமில்லை. "ஒரு பழைய மீனவர் புலம்பல்" என்று அறிவித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உருகி வாசிக்கத் தொடங்கினார். நான் தமிழில் ஒருமுறை பாடினேன். சதுக்கம் கோயில்போல அமைதியானது. பின்வரிசையில் நின்ற நாலைந்து தமிழர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அடுத்து அதே மூன்று வரிகளை, சந்தைக்காரி கத்துகிற பச்சைப் பலெர்மோப் பேச்சில் பாடினேன்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. தலைவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து முதலில் தன் காற்சட்டையைத்தான் குனிந்து பார்த்தார். மேளக்காரன் விடவில்லை, அடித்துக்கொண்டே போனான். நான் அங்கேயே கட்டிய இன்னும் இரண்டு அடிகளையும் பாடிவிட்டுத்தான் இறங்கினேன்.

அதற்குக் கிடைத்த கைதட்டலையும் நான் பெரிதாக மதிக்கவில்லை. கீழே பட்டுச் சட்டை போட்ட ஒரு சிஞ்ஞோரா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் வீட்டு வேலைக்காரப் பெண்ணை நாங்கள் லிப்டில் விடுகிறோம், தெரியுமா?" என்றார். பதக்கம் எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

தலைவர் அதன்பின் என்னை ஒத்திகைக்குக் கூப்பிடவில்லை. "அவளுக்கு மரபில் மரியாதை இல்லை" என்று கடைக்கு வருபவர்களிடமெல்லாம் சொன்னாராம். அங்கிளும் பூசையில் என்னைக் கடைசி வரிசைக்குத் தள்ளினார்.

இப்போது நானும் மேளக்காரனும் போர்கோ வெக்கியோவில், சந்தை கழுவி முடிந்த பின்னேரங்களில் வாசிக்கிறோம். ஏழெட்டுப் பாட்டு சேர்ந்திருக்கிறது. பாதி தேறாது என்று அவன் சொல்கிறான். அவன் சொல்வதைக் கேட்கிறேன். அவன் தொப்பி போடுவதில்லை.