பாடு இல்லை

கிளை அலுவலகம் அனுப்பும் திருத்தத்துக்குத் தலைமை அலுவலகம் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது எங்கள் நிதியுதவிக் கையேட்டின் விதி. அதை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். 'தரலாம்' என்றுதான் முதலில் இருந்தது. மல்லுக்கட்டி 'வேண்டும்' என்று மாற்ற வைத்தேன்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் அறக்கட்டளையின் கிளை சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. நான் திட்ட அதிகாரி. தலைமை அலுவலகம் டெல்லியில். கடலோரக் குப்பம் ஒன்றின் பெண்கள் சங்கம் விண்ணப்பித்திருந்தது. அவர்கள் மீன் விற்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போவது ஒரு கீற்றுக் கொட்டகையில். மழைக்கு முன் அதற்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

டெல்லி கேள்வி கேட்டது: தங்களுக்குக் கஷ்டம் ஏதும் இல்லை என்று விண்ணப்பதாரர்களே எழுதியிருக்கும்போது உதவி எதற்கு?

தமிழ் மூலத்தை எடுத்துப் பார்த்தேன். 'மூணு மாசமா கடல்ல பாடு இல்லை.' குப்பத்தில் பாடு என்றால் வலையில் விழும் மீன். எங்கள் மொழிபெயர்ப்பாளர் தமிழ் எம்.ஏ.; அவருக்குப் பாடு என்றால் துன்பம். ஆகவே துன்பம் இல்லை. இலக்கணத்தில் குற்றம் சொல்ல முடியாது. 'கடல்ல' எங்கே போயிற்று என்று கேட்டேன்.

"கடற்கரையிலன்னு எடுத்துக்கிட்டேன் சார். காத்தோட்டமா சௌக்கியமா இருக்காங்கன்னு."

அன்றே திருத்தம் அனுப்பினேன். சங்கத் தலைவி கேம்ப் ரோட்டில்தான் மீன் விற்பார். விற்று முடித்துக் கூடையை மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டு மேலே வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"எங்களுக்குப் பாடே இல்லன்னா எழுதிகீறாரு? அந்த சாரை ஒரு நாள் என் மாமியார் கையில வுடுங்க."

"திருத்தி அனுப்பியாச்சும்மா. பதில் வந்துடும்."

"மழ வந்துகினு கீது சார். அதுக்கும் ஒரு லெட்டர் போட்டு நிக்கச் சொல்லுங்க."

அதற்கு எங்களிடம் படிவம் இல்லை.

ஒரு மாதம் தாண்டியதும் நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு இன்னொன்று. பிறகு தந்தி. அதற்கு மேல் என்ன செய்வது என்று கையேடு சொல்லவில்லை. ட்ரங்க் கால் போட்டுக் கேட்டபோது, ஃபைல் நகர்ந்துகொண்டிருக்கிறது என்றார்கள். எந்தத் திசையில் என்று கேட்கத் தெம்பில்லை.

ஐப்பசி மழையில் கொட்டகை ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. பிள்ளைகள் வந்து சேர்வதற்கு முன் விழுந்ததால் யாருக்கும் அடியில்லை. அதன்பின் தலைவி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே மீன் விற்றார். என் மேஜைக்கு முன்னால் நின்றபோது இருவர் தலையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. "எங்க வுடறது சார்?" என்றார்.

கடைசியில் ஒப்புதல் வந்தது. முழுத்தொகைக்கும்தான். கூடவே ஒரு நிபந்தனை: பருவமழை தொடங்குவதற்குள் கூரை வேலையை முடித்துவிட வேண்டும். கடிதத்தின் மேல் வந்துசேர்ந்த நாளுக்கான முத்திரையை நானே குத்தினேன். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்.