முடிச்சுப் போடாத குப்பைப் பை

என் சித்திக்கு வீடுகளைக் கூட்டித் துடைக்கும் வேலை. விடியும் முன்னே கிளம்பிவிடுவார். மகளின் காலைச் சாப்பாட்டுக்கு மேசைமேல் சில்லறை வைத்துவிட்டுப் போவார். பள்ளி வாசல் கடையில் அது கலர் சோடாவும் சிப்ஸுமாகிவிடும். அப்படியும் ஓட்டத்தில் அவளை யாரும் நெருங்க முடியாது. சித்தி அவளைக் கூப்பிடுவதே ‘குதிரை’ என்றுதான்.

சித்தி துடைத்த வீடுகளில் ஒன்று, குதிரைக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்த அம்மாளுடையது. எங்களுக்கு அவர் கோச்சம்மா. அணிக்கு ஆள் எடுத்த அன்று குதிரை பாதி ஓட்டத்தில் மயங்கி விழுந்தாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த சித்தி ஓடிப்போய்த் தூக்கினார். எல்லாப் பெற்றோர் காதிலும் விழும்படி கோச்சம்மா சொன்னார்: “திறமை இருந்து என்ன பண்ண? உங்க மாதிரி வீடுகள்ல பிள்ளைங்களுக்கு நல்ல பழக்கம் சொல்லித்தர ஆளே இல்லையே!”

குதிரைக்கு அணியில் இடமில்லை. சித்திக்கு உள்ளுக்குள் கொதித்தது. மகளுக்கு ஒரு வாய் சமைத்துப் போடாமல் ஓடியதே இவள் வீட்டுக் கழிப்பறையைத் தேய்க்கத்தானே!

கோச்சம்மாவின் மகன், குதிரை வயதுக்காரன், அறைக்குள் சிகரெட் பிடிப்பான். துண்டுகளைக் காலி ஜூஸ் டப்பாவில் திணித்துக் கூடையில் போடுவான். குப்பையில் கண்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது துடைக்கிறவர்களின் எழுதாத சட்டம். சித்தியும் பையை இறுக்கி முடிச்சுப் போட்டுத்தான் வெளியே கொண்டுபோவார். “ஆன்ட்டி, நீங்க தெய்வம்” என்பான் பையன்.

அந்தச் சனிக்கிழமை தெய்வம் மலையேறிவிட்டது. கூடம் நிறைய விருந்தாளிகள். சித்தி பையைத் திறந்தபடியே தூக்கிவந்து, டப்பாவை மேசைமேல் கவிழ்த்தார்.

“என்ன இது?” என்றார் கோச்சம்மா.

“தம்பி ரூம்ல கிடந்தது மேடம். இங்கதான் நல்ல பழக்கம் சொல்லித்தர ஆள் இருக்கே, காட்டிட்டுப் போலாம்னு.”

வேலை அந்த நொடியே போனது. போனில் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் சித்தி. கடல் தாண்டியிருந்த நான்தான் பயந்துபோய்க் கேட்டேன்:

“வாடகைக்கு என்ன பண்ணுவீங்க சித்தி?”

“அட போடா, பயந்தாங்கொள்ளி!”

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. நுரையீரல் டாக்டர், மனநல ஆலோசகர், நீச்சல் வகுப்பு என்று பையனுக்கு ராஜ வைத்தியம். கோச்சம்மா விடுப்பு எடுத்துக் கூடவே இருந்தாராம். பையன் சிகரெட்டை விட்டு, கன்னம் பளபளக்க நடக்கிறான் என்று அந்த வீட்டு வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார்.

“பழி வாங்கப் போய் அவ பிள்ளையைக் குணப்படுத்திட்டு வந்திருக்கேன்டா!” என்று தலையில் அடித்துக்கொண்டார் சித்தி.

இப்போது ஓர் அலுவலகத்தில் மாலை நேரத் துப்புரவு வேலை. சம்பளம் குறைவு. ஆனால் காலையில் வீட்டில் இருக்கிறார். இன்று வீடியோவில் அழைத்தபோது, அவித்த முட்டையோடு குதிரையை மறித்து நின்றார்.

“குமட்டுதும்மா. கடையிலயே தின்னுக்கறேன்.”

“குமட்டட்டும், முழுங்கு. அடுத்த வருஷம் அந்தக் கோச்சம்மா தன் கையாலயே உன் பனியன்ல நம்பர் குத்தணும். அவ மூஞ்சி போற போக்கை நான் எதிர்ல நின்னு பாக்கணும்டி.”

குதிரை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். சித்தி அடுத்த முட்டையை உரிக்கத் தொடங்கினார்.