சபைத் தண்ணீரும் பொலிஸ் வண்டியும்

பிரதேச சபை உறுப்பினர் என்றால் நன்றாகப் பேசத் தெரிந்தவர் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் சொல்ல வந்தது மறந்துவிடும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கத்துக்காரர்களும் சண்டைபோட்டு ஓய்ந்து, யாரோடும் வாய்ச்சண்டைக்குப் போகாத ஓர் ஆளைத் தேடியபோது நான் அகப்பட்டேன். வாக்குக் கேட்கப் போன இடத்திலும் மற்றவர்கள்தான் பேசினார்கள். நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். அது போதுமானதாக இருந்தது.

நான் சபைக்குப் போன வருடம் வெயில் கடுமை. நமுனுகுல மலைப் பக்கத்து ஓடைகள் எல்லாம் கல்லாகக் கிடந்தன. அந்த நேரம் பார்த்து எங்கள் பொலிசுக்கு ஒரு வண்டி வந்தது. இராணுவத்தில் ஓடி முடித்த பச்சை வண்டி. சுற்றிலும் இரும்புத் தகடு, முன் கண்ணாடிக்குக் கம்பி வலை, பின்னால் பெரிய தண்ணீர்த் தொட்டி, கூரையில் ஒரு குழாய். கூட்டம் கூடினால் தண்ணீர் அடித்துக் கலைப்பதற்காம். எங்கள் பக்கம் கூட்டம் கூடுவது தேர் அன்றும், சம்பள நாளில் சாராயக்கடை வாசலிலும்தான்.

மலைமேல் இருக்கும் சபையின் தண்ணீர்த் தாங்கியில் இந்த வண்டிக்குத் தண்ணீர் பிடிக்க அனுமதி வேண்டும் என்று பொலிசார் கேட்டார்கள். இராணுவ வண்டியை ஊருக்குள் வைத்திருக்கிறார்களே, அதை யார் மேற்பார்வை செய்வது, சபைக்கு அதில் பேச்சில்லையா என்று ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டார். சபைக்கு உள்ளது வடிகான், தெருவிளக்கு, சந்தை, மயானம், தண்ணீர் என்று சபைத் தலைவரான தவிசாளர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.

“வண்டி நம்ம விஷயம் இல்ல. தண்ணிதான் நம்ம விஷயம். வேணும்னா தண்ணி நெரப்புறப்ப ஒரு உறுப்பினர் பக்கத்துல நிக்கட்டும்.”

மலையேறிப் போய் நிற்க யாருக்கும் விருப்பமில்லை. தாங்கி எங்கள் தோட்டத்துக்கு மேலே இருப்பதால் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் முடியாது என்று சொல்லத் தயாராவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. இராணுவ வண்டியைக் கண்காணிக்கும் பொறுப்பு எனக்கு இப்படித்தான் வந்தது.

சனிக்கிழமைகளில் காலையிலேயே வண்டி மேலே வந்துவிடும். ஓட்டி வந்த பொலிஸ் சார்ஜன் பதுளை டவுன் முஸ்லிம் ஆள். தமிழில் நன்றாகக் கிண்டல் செய்வார்.

“என்ன மெம்பர், எங்கள புடிக்க வந்தீங்களா?”

“இல்லைங்க சார். தண்ணியப் பாக்கத்தான்.”

“நல்லாப் பாருங்க. ஓடிறப் போவுது.”

அது உண்மையிலேயே ஓடிக்கொண்டுதான் இருந்தது. பழைய தொட்டியின் மூட்டுகள் கசிந்தன. வண்டி யார்மேலும் தண்ணீர் அடிக்கவில்லை. பொலிஸ் வளவில் சும்மா நின்று சொட்டித் தீர்த்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை திரும்ப வந்தது. அதே தாங்கியிலிருந்துதான் எங்கள் லயத்து வரிசை வீடுகள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கும் குழாய் போகிறது. பீலியில் அப்போது விடியற்காலையில் கொஞ்ச நேரம் நூல்போல ஒழுகும், பிறகு நின்றுவிடும். வெயில் காலத்தில் தண்ணீர் கொண்டுவரும் சபையின் பவுசர் லொறியும் கியர்ப்பெட்டி உடைந்து கராஜில் கிடந்தது.

“அந்த வண்டி குடிக்கிறத நின்னு பாத்துட்டு வர்றீங்க. நம்ம பீலி காயுறதப் பாக்க சபையில ஆள் இல்லியா?” என்று என் மனைவி கேட்டாள்.

நான் அதைச் சொல்வதற்காக அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். வெளியே போக வேண்டுமா என்று தவிசாளர் அன்பாகக் கேட்டார். நான் வெளியே போய்விட்டேன்.

பொறுத்துப் பார்த்த லயத்துப் பெண்கள் ஒருநாள் கொழுந்து பறிக்கப் போகாமல் வெறும் கேன்களையும் குடங்களையும் பசறை ரோட்டின் குறுக்கே அடுக்கிவிட்டு உட்கார்ந்தார்கள். என் மனைவிதான் முன்னால் இருந்தாள். நான் சபை ஆள் என்பதால் அவர்களோடு உட்கார முடியவில்லை. வீட்டுக்காரன் என்பதால் போய்விடவும் முடியவில்லை. வளைவில் ஒரு சவுக்கு மரத்தடியில் நின்றேன். இரண்டு பக்கமும் பஸ்களும் லொறிகளும் நின்று ஹோன் அடித்தன.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து இன்ஸ்பெக்டரின் ஜீப்பும், அதன் பின்னால் அந்தப் பச்சை வண்டியும் ஏறி வந்தன. அந்தக் குழாயின் வேகத்தில் தண்ணீர் பட்டால் ரோட்டுக்கு அந்தப்பக்கம் பள்ளத்தில்தான் விழவேண்டும். அந்தத் தண்ணீரை நிரப்பும்போது பக்கத்தில் நின்றவன் நான்.

வண்டி தாங்கிக்கு ஏறுவது மலையின் மறுபக்கப் பாதையால்; லயத்துப் பெண்கள் அதை அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை. வெயில் காலத்தில் தொட்டி வைத்த வண்டி ஒன்று மலையேறி வந்தால் எங்கள் பக்கம் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு.

“பவுசர் வந்துருச்சு! புதுசு வாங்கியிருக்கானுங்கடி!”

பவுசர் வந்தால் எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. கேனை வரிசையில் வைத்தால் ஆள் நின்ற மாதிரி. வைத்தவர் எங்கே போனாலும் அந்த இடத்தை யாரும் தொடமாட்டார்கள். அதனால் முந்தி வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரோட்டின் குறுக்கே கிடந்த கேன்களும் குடங்களும் கண்மூடித் திறப்பதற்குள் ரோட்டோரம் ஒரே நேர்வரிசையாக நின்றன. ரோடு திறந்துவிட்டது. நின்றிருந்த பஸ்கள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின.

ஒலிபெருக்கியோடு இறங்கிய இன்ஸ்பெக்டர் அதை வாயருகில் பிடித்தபடியே நின்றார். சார்ஜன் என்னைக் கண்டுவிட்டார்.

“மெம்பர், இங்க வாங்க. இவங்க என்ன செய்றாங்க?”

“வரிசையில நிக்கிறாங்க சார்.”

“எதுக்கு?”

“தண்ணிக்கு.”

என் மனைவி வண்டியின் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

“ஏன் சார், குழாய அவ்வளவு ஒசரத்துல வெச்சா கேன்ல எப்படி விழும்? கீழ எறக்குங்க. மொத கேன் என்னோடது, சொல்லிப்புட்டேன்.”

“ஏன், மெம்பர் பொஞ்சாதின்னா மொதல்லயா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

சார்ஜன் எல்லாவற்றையும் சிங்களத்தில் மொழிபெயர்த்தார். இன்ஸ்பெக்டருக்கு ரோட்டைத் திறக்கும்படி உத்தரவு. ரோடு திறந்துவிட்டது. அதனால் திரும்பலாம் என்றார் அவர். நாம் போனால் கேன் திரும்பவும் ரோட்டுக்கு வருமே என்றார் சார்ஜன். அப்படியா என்று இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். ஆமாங்க சார் என்றேன். இது யாருடைய தண்ணீர் என்று அடுத்துக் கேட்டார். சபைத் தண்ணீர், நான்தான் பக்கத்தில் நின்றேன் என்றேன். அவர் போய்க்கொண்டிருந்த பஸ்களைப் பார்த்தார். பிறகு தொட்டியின் அடியில் இருந்த திருகுக் குழாயைத் திறக்கச் சொன்னார்.

தண்ணீர் துரு கலந்து தேயிலைச் சாயம்போல வந்தது. குடிக்க ஆகாது, துணிக்கு ஆகும் என்று பெண்கள் முடிவு செய்தார்கள். வரிசை பாதிகூட முடியவில்லை, தொட்டி தீர்ந்துவிட்டது. மீதிப் பேர் வெறும் கேனோடு லயத்துக்குத் திரும்பினார்கள். வண்டி அன்று ஒருவர்மேலும் தண்ணீர் அடிக்காமல் போய்விட்டது. பீலி மட்டும் காய்ந்தபடியே இருந்தது.

அடுத்த கூட்டத்தில் தவிசாளர், வண்டி ஒழுங்காகப் பாவிக்கப்பட்டிருப்பதாகச் சொல்லி, கண்காணித்த உறுப்பினருக்கு நன்றி தெரிவித்தார். சிலர் கை தட்டினார்கள். உடனே, தொட்டி காலியாக இருப்பதால் மறுபடி நிரப்பப் பொலிசார் கேட்கிறார்கள், ஆட்சேபம் உண்டா என்றும் கேட்டார்.

நான் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். யாரையும் பார்க்காமல் தண்ணீர்க் கிளாசைப் பார்த்துப் பேசினேன்.

“லயத்துப் பீலிக்கு விட்டுட்டு மிச்சம் இருந்தா வண்டிக்கு நெரப்பலாங்க.”

“பொலிஸ் வண்டியப் பத்தி நாம தீர்மானம் போட ஏலாது” என்றார் தவிசாளர்.

“வண்டியப் பத்தி இல்லைங்க. தண்ணியப் பத்தி.”

உட்கார்ந்துவிட்டேன். டவுனில் மொத்தக்கடை வைத்திருக்கும் உறுப்பினர்தான் முதலில் கை தூக்கினார். அன்று ரோட்டில் நின்றவற்றில் அவருடைய மரக்கறி லொறியும் ஒன்று. அவரைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள்.

அந்தச் சனிக்கிழமை நான் மலையேறி, லயத்துக்குப் போகும் வால்வை முழுதாகத் திறந்துவிட்டேன். சார்ஜன் வந்து, வண்டியின் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். தாங்கியில் மட்டம் இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே பீலியில் கேன்கள் மோதும் சத்தமும், யாருடைய கேன் முந்தியது என்ற சண்டையும் மேலேவரை கேட்டன.

“மிச்சம் இருக்கா மெம்பர்?”

“இல்லைங்க சார்.”

அவர் எழுந்து வண்டியைத் திருப்பினார். மழை இறங்கும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் இதையே கேட்டார். நானும் பக்கத்தில் நின்று இதையே சொன்னேன்.