அண்ணனுக்கு நாலு வேளை சொட்டு மருந்து

அண்ணன் உயிர் பிரிந்தபோது அருகில் இருந்தவர்கள்: அண்ணி. அண்ணன் மகள் செல்வி. செல்வியின் கணவர். பக்கத்துக் கழனி முருகேசன். தம்பி நான்.

அண்ணன் பிறந்தது மணலூர்பேட்டை. அப்பா இறந்தபோது அவருக்குப் பதினான்கு வயது, எனக்கு நான்கு. பள்ளிக்கூடத்தை விட்டு ஏர் பிடித்தார். நெல்லும் கரும்பும் போட்டு எங்களைக் காப்பாற்றினார். அதிர்ந்து பேசமாட்டார்.

போன வருஷம் வலது கண்ணில் புரை முற்றியது. வரப்பு தெரியாமல் விழுந்தார். ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னது நான். அவருக்கு இஷ்டமில்லை. எனக்காக வந்தார். பார்வை தெளிந்தது. ஒரு மாதம் போனதும் கண் எரிந்தது. மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. தண்ணீர் கொட்டியது.

"உன் பேச்ச கேட்டு இருந்த கண்ணயும் கெடுத்துக்கினேன்" என்றார். அத்தோடு என்னிடம் பேசவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல்.

தண்ணீர் தேங்கிய நடவு வயலை வடியவிட்டுக் காயப்போடுவோம். கண்ணையும் அப்படித்தான் நினைத்தார். டேபிள் ஃபேனை முகத்துக்கு நேரே வைத்து உட்கார்ந்துவிட்டார். கண் இன்னும் சிவந்தது.

"நெல்லு காய வெக்கிற மாதிரி கண்ண காய வெச்சிக்கினு இருக்காரு. இட்டுக்கினு போங்க தம்பி" என்றார் அண்ணி.

கள்ளக்குறிச்சியில் டாக்டரம்மா பார்த்தார். கண் காய்ந்திருக்கிறது என்றார்.

"இன்னாம்மா, தண்ணி கொட்டுது. காஞ்சிருக்குன்னு சொல்றீங்க?" என்றார் அண்ணன்.

"காஞ்சதாலதான் கொட்டுது பெரியவரே. வெடிச்ச நெலத்துல ஒரே மழையா பேஞ்சா ஓடிப்பூடும், ஈரம் நிக்காது. ஈரம் நிக்கத்தான் இந்தச் சொட்டு. ஆபரேஷனுக்கு அப்பறம் சில பேருக்கு இப்படி ஆகும். பார்வைக்கு ஒண்ணும் ஆவல. வூட்ல இன்னா பண்ணீங்க?"

நான் ஃபேனைச் சொன்னேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். "மொதல்ல அத திருப்பி வையுங்க."

நாலு வேளை, வேளைக்கு ஒரு சொட்டு. அண்ணனுக்குக் கை நடுக்கம். அண்ணி ஊற்றினால் இருவருக்கும் சிரிப்பு வந்து, மருந்து கன்னத்தில் விழும். மூன்றாம் நாள் என் வீட்டுக்கு வந்து கட்டிலில் மல்லாந்து படுத்தார்.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கிற? ஊத்து."

என்னிடம் மறுபடி முதலில் பேசியது அதுதான். அன்று முதல் காலை, மதியம், சாயங்காலம், படுக்கும் முன், நான்கு வேளையும் நான்தான் ஊற்றினேன். இரண்டு மாதத்தில் உறுத்தல் கம்மியானது.

ஒரு நாள் மருந்து விட்டதும் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். "எடது கண்ணுக்கு எப்படா போலாம்?"

அறுப்பு முடியட்டும் என்றேன்.

அறுப்புக்கு முன்னமே நெஞ்சு வலி வந்துவிட்டது. விளக்கு வைக்கும் நேரம். ஆட்டோவில் ஏற்றுவதற்குள் போய்விட்டார்.

ஆட்டோ கொண்டுவந்த முருகேசனுக்கும், மூன்று நாள் சோறாக்கிப் போட்ட தெருக்காரர்களுக்கும், கரும்பு வெட்டை விட்டுவிட்டு வந்த ஆட்களுக்கும், அண்ணனின் பயத்தைப் போக்கிய டாக்டரம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணன் போன அன்றைக்கு ஊற்றிய சொட்டு மூன்று.